மிஸ்ஸின் இரண்டு சாட்சிகள்

இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால்கூட மிஸ் உடனே சொல்ல மாட்டார். சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்ப்பார். பிறகு கைப்பையைத் திறந்து போனை எடுத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான், "புதன், அண்ணன்" என்பார். அதற்குள் கேட்டவனுக்குக் கிழமையில் இருந்த அக்கறையே போயிருக்கும்.

நான் இதற்கு நேரெதிர். உடப்பு என்ற கடற்கரை ஊரில் பிறந்தவன். ஒருவன் வாயைத் திறக்கும் முன்னமே அவன் சொல்ல வருவதை நம்பிவிடுவேன். யாரோ செத்துப்போனார் என்று கேள்விப்பட்டு, வேட்டி மாற்றிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போய், அந்த மனிதரே படலையில் நின்று "எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்டுத் திரும்பி வந்த கதையும் எனக்கு உண்டு. இப்படிப்பட்ட என்னையும் அவரையும் ஒரே ஆய்வுகூடத்தில் சேர்த்துவிட்டது யாருடைய குறும்போ தெரியாது. ஆறு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம்.

யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு இறால் பண்ணைக்காரர் சிலர் கூடி, முந்தல் பக்கம் பெரிய றோட்டோரமாக இரண்டு அறை எடுத்து நடத்திய ஆய்வுகூடம் அது. ஆட்கள் என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வேன் ஓட்டிக் குளம் குளமாகப் போய் இறால் பிடித்து வருவேன். மிஸ் அதைப் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிப் பார்ப்பார். வெள்ளைப்புள்ளி நோய் இருக்கிறதா இல்லையா என்று தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பார். அந்த நோய் ஒரு குளத்துக்குள் வந்தால் நாலைந்து நாளில் இறால் முழுக்கச் செத்து மிதக்கும். ஆகவே எங்கள் கரையில் அவருடைய கையெழுத்துக்கு இருந்த மரியாதை பெரியது.

என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் நான் மிஸ் என்றுதான் கூப்பிட்டேன், எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் பெயரை எழுதினால், "இதைப் போட என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?" என்பார். அதனால் இங்கேயும் மிஸ்தான்.

பிரிட்ஜின் மேல்தட்டில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் சுண்டுவிரல் அளவுக் குப்பிகள். வெளிநாட்டிலிருந்து ஐஸில் வைத்து வருகிற சாமான். என் மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்குப் பிறபொருளெதிரி என்று பெயர் போட்டிருந்தது. மிஸ் அன்டிபொடி என்பார். பண்ணைக்காரர்களுக்கு அது "மிஸ்ஸிட மருந்து". அது ஒரு இறாலையும் சுகப்படுத்தாது என்று மிஸ் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் திருந்தவில்லை.

"அப்ப இது என்னதான் செய்யும், மிஸ்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அந்த வைரஸ் ஒரு சட்ட போட்டிருக்கு எண்டு வைங்க, அண்ணன். அந்தச் சட்டயில ஒரு சாதிப் புரதம் இருக்கு, பொத்தான் மாதிரி. இந்த அன்டிபொடி அந்தப் பொத்தானத் தேடிப் போய்ப் பிடிச்சிக்கொள்ளும். வேற யாரிட சட்டயில பொத்தான் இருந்தாலும் திரும்பியும் பார்க்காது. அது பிடிச்ச இடத்துல சாயம் போட்டா பழுப்பா வரும். பிடிக்காத இடமெல்லாம் நீலமா நிக்கும்."

"அப்ப பழுப்பெண்டா சீக்கு. நீலமெண்டா சுகம்."

"அவசரப்படாதீங்க. சாட்சி ரெண்டு பேரையும் கேக்கணும்."

சாட்சிகள் இருந்தது ஒரு பழைய பிஸ்கட் டின்னில். ஒன்று, நோய் வந்து செத்தது என்று உறுதியாகத் தெரிந்த இறாலின் மெழுகுக் கட்டி. மற்றது, எந்தக் குறையும் இல்லாத இறாலின் மெழுகுக் கட்டி. எந்தக் குளத்து இறாலைச் சோதித்தாலும் இந்த இரண்டிலும் ஒவ்வொரு சீவல் எடுத்துப் பக்கத்தில் வைப்பார். மூன்றுக்கும் ஒரே மருந்து, ஒரே சாயம், ஒரே நேரம். சீக்குச் சாட்சி பழுப்பாகவும் சுகச் சாட்சி நீலமாகவும் வந்தால்தான் நடுவில் இருப்பதைத் திரும்பிப் பார்ப்பார். இல்லையென்றால் மூன்றையும் வாளிக்குள் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும் பண்ணைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

எனக்கு எரிச்சல் வராமல் இல்லை. பசிக்கிற நேரத்தில், "மிஸ், நீலமாத்தானே இருக்கு, எழுதிக் குடுங்களன்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் கோபிப்பதும் இல்லை, எழுதிக் கொடுப்பதும் இல்லை.

இந்தக் குணம் ஆய்வுகூடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மிஸ்ஸுக்கு மாப்பிள்ளை பேசி வந்தார்கள், கனமூலையில் மிளகாய்த் தோட்டம் செய்கிற ஒருவர். குடும்பத்தில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மிஸ் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளையைப் பிடித்த ஒரு ஆளும், பிடிக்காத ஒரு ஆளும் வந்து அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிடித்த ஆளுக்குப் பஞ்சமில்லை. பிடிக்காத ஆளைத் தேடி மாப்பிள்ளை வீட்டாரே அலைந்ததுதான் வேடிக்கை. கடைசியில் மாப்பிள்ளையோடு கூட்டாக லொறி வைத்திருந்து பிரிந்துபோன ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தார்கள். அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அவன் ஒரு முன்கோபி. அவனோட ஒரு வேலையும் செய்ய ஏலாது. ஆனா பொய் சொல்ல மாட்டான்" என்றாராம்.

"அது போதும்" என்று மிஸ் உள்ளேயிருந்து சொன்னாராம். கலியாணத்துக்கு நானும் மனைவியும் போய், பெரிய தட்டைச் சுற்றி இருந்து கூட்டாகச் சாப்பிடும் சகன் சாப்பாடு சாப்பிட்டோம். முன்கோபி என்று பெயரெடுத்த அந்த மனிதர் அதன் பிறகு தினமும் மோட்டார் சைக்கிளில் பகல் சாப்பாடு கொண்டு வந்து, மிஸ் வேலை முடிக்கும்வரை வேலிக்கரையில் முனகாமல் காத்துக்கொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இந்தச் சாட்சிப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று ஒரு மழை நாளில் கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கும்போது அவருக்கு நாலு வயது. வாப்பாவின் காகிதமெல்லாம் கடலில் நனைந்து கூழாகிவிட்டது. அகதி முகாமில் பதிய வேண்டுமென்றால் அவர் இன்னார்தான் என்று தெரிந்த இரண்டு பேர் வர வேண்டும் என்று பதிகிற அதிகாரி, அந்த ஊர் விதானை, சொல்லிவிட்டார். ஒரு கூட்டாளி கிடைத்தார். அந்த முகாமில் வாப்பாவைத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர்தான், வலை போடும் இடத்துக்காக வாப்பாவோடு வருஷக்கணக்காகச் சண்டை பிடித்தவர்.

"அவர் வந்தார், அண்ணன். விதானைக்கு முன்னால நிண்டு, 'இவன எனக்கு நல்லாத் தெரியும். இவனோட பதினஞ்சு வருஷம் சண்ட பிடிச்சிருக்கன். வேற யாராயும் இருக்க ஏலாது' எண்டார். கூட்டாளி சொன்னத எழுதாம இருந்த விதானை, இவர் சொன்ன பிறகுதான் பேனையை எடுத்தார்."

அதைக் கேட்டு நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வேன் ஓட்டிப் போகும்போது கண் கலங்கியதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி எங்கள் மச்சானின் குளத்துக்கு வருகிறேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. உடப்புப் பக்கம் வாய்க்கால் ஓரமாக அவனுக்கு ஒரேயொரு குளம். அதற்கு முந்திய இரண்டு போகமும் வெள்ளைப்புள்ளியில் போய்விட்டன. மூன்றாவதும் போனால் குளத்தை விட்டுவிட்டு வெளிநாடு போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய மகளுக்கு அப்போது எட்டு மாதம். என் மனைவி அந்தக் குளத்துக்காக நேராத நேர்த்தி இல்லை.

இறால் போட்டு ஐம்பது நாள் இருக்கும். ஒரு காலை மச்சான் போன் எடுத்தான். தலை ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்றான். குரல் குரலாகவே இல்லை. நான் வேனை எடுத்துக்கொண்டு போய் இறால் பிடித்து வந்தேன். மூன்றாம் நாள் முடிவு சொல்வதாக மிஸ் சொன்னார். பக்கத்துக் குளத்துக்காரர்கள் அதுவரை பொறுப்பதாகச் சம்மதித்தார்கள். எல்லாரும் ஒரே வாய்க்கால் தண்ணீரை எடுப்பவர்கள். நோய் உறுதியானால் குளத்துச் சொந்தக்காரனே குளோரினைக் கொட்டி, எல்லா இறாலையும் கொன்று, கரையில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த ஒழுங்கு.

மூன்றாம் நாள் மத்தியானம். மிஸ் சாயம் போட்டுக் கழுவிய கண்ணாடிகளைத் தட்டில் வைத்துவிட்டு ளுஹர் தொழப் போனார். நான் எட்டிப் பார்த்தேன். நடுக் கண்ணாடி வெறுங்கண்ணுக்கே பழுப்பாகத் தெரிந்தது. மற்ற இரண்டும் என் கண்ணில் படவே இல்லை. எனக்கு அது மச்சானின் குளமாகத்தான் தெரிந்தது. வெளியே போய் மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"முடிஞ்சுது. குளம் போச்சு" என்றேன்.

அவள் அழுதுகொண்டே போனை வைத்தாள்.

மிஸ் வந்து நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக் குனிந்தார். சீக்குச் சாட்சியைப் பார்த்தார். பிறகு சுகச் சாட்சியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணன், சுகமான இறாலும் பழுப்பா இருக்கு. இதை வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது."

"நான் வீட்டுக்குச் சொல்லிப்போட்டன், மிஸ்" என்றேன்.

மிஸ் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார். மச்சான் போனை எடுக்கவில்லை. மனைவியும் எடுக்கவில்லை. மூன்று கண்ணாடிகளையும் ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக்கொண்டு மிஸ் வேனில் ஏறினார். இருபது நிமிஷ ஓட்டத்தில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மாட்டப் பாத்து ஓட்டுங்க."

குளத்தடியில் இருபது முப்பது பேர். குளோரின் பீப்பாய் கரைக்கு வந்துவிட்டது. மூடியும் திறந்தாயிற்று. மச்சான் கையில் சிவப்புத் துணியோடு நின்றான். பக்கத்துக் குளத்துக்காரர், சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவரான ஓர் ஆறடி ஆள், அவன் தோளைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே பீப்பாயைக் காலால் தண்ணீர்ப் பக்கம் தள்ளிக்கொண்டும் இருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு அங்கே நாலு குளம்.

மிஸ் வரம்பில் ஏறினார். பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"இது உங்கட குளத்து இறால் இல்ல. ஒரு சீக்கும் இல்லாத இறால். இதுவும் பழுப்பா வந்திருக்கு. இதை நம்பினா, உலகத்துல சுகமான இறால் ஒண்டும் இல்ல எண்டுதான் நான் எழுதணும்."

"அப்ப எங்கட தம்பி பொய்யா போன் எடுத்தது?" என்று யாரோ என்னைக் காட்டிக் கேட்டார்கள். நான் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிழை எங்கட இடத்துல" என்றார் மிஸ். "நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குள்ள திருப்பிச் செஞ்சு சொல்லுவன், இன்ஷா அல்லாஹ்."

"அதுக்குள்ள என்ட குளத்துக்கு வந்திட்டா, மிஸ்?" என்றார் ஆறடி ஆள்.

"வாய்க்கால் கதவப் பூட்டுங்க. காகம் ஒரு இறாலையும் தூக்கிப் போய் உங்கட குளத்துல போடாமப் பாருங்க. வேற வழியில வராது."

"ஹரி, சரி. ஒரு நாள்" என்றார் அவர்.

அப்படியாக உடப்பில் அதற்கு முன்னும் பின்னும் நடக்காத ஒரு காகக் காவல் தொடங்கியது. பெண்கள் தகரத்தைத் தட்டினார்கள். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். மறுநாள் விடிந்ததும் ஆறடி ஆள் தானே ஒரு நீளத் தடியில் கறுப்புக் குடையைக் கட்டி, வரம்பில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்ததை ஊரே கூடிப் பார்த்துச் சிரித்தது. என் மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆய்வுகூடத்தில் நிலைமை அப்படியில்லை. மிஸ் காலையிலேயே போத்தல்களை வரிசையாக மேசையில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஐந்தாவது போத்தலில் ஹைட்ரஜன் பெரொக்சைட். அது எதற்கென்று என்னிடம் சொன்னார். இறாலின் இரத்தத்துக்குள்ளேயே சாயத்தைப் பழுப்பாக்குகிற ஒரு பொருள் உண்டாம். முதலில் இந்தப் போத்தல் தண்ணீரை ஊற்றி அதை அடக்க வேண்டும். அடக்காவிட்டால் அன்டிபொடி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எல்லாமே பழுப்புத்தான். உருளைக்கிழங்கு ஒன்றை வெட்டி அதன் மேல் ஒரு துளி விட்டார். நுரைத்துப் பொங்க வேண்டும். ஒரு குமிழிகூட வரவில்லை.

"இது வெறுந்தண்ணி" என்றார். "வித்தவங்க ஏமாத்திட்டாங்களோ தெரியா. ஆனா சாட்சி இல்லாம அவங்கள எப்படிச் சொல்லுற?"

நான் செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தேன்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் எங்கள் அம்மன் கோயில் தீமிதி. நானும் இறங்கியிருந்தேன். காலில் கொப்புளம் வந்தால் விரதத்தில் பிழை என்று ஊர் சொல்லும். எனக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்துவிடும், பாமசிக்குப் போனாலும் தெரிந்துவிடும், வீட்டில் காட்டவே முடியாது. அலுமாரியில் இந்தப் போத்தல் இருந்தது. புண்ணுக்கு ஊற்றினால் நுரைத்துச் சுத்தமாக்கும் என்பது எனக்குத் தெரியும். மூன்று தரம் ஊற்றியதில் போத்தல் காலியாகவே ஆகிவிட்டது. குறைந்த அளவுக்குத் தண்ணீர் விட்டு நிரப்பி வைத்தேன். அதன் பிறகு வந்த முதல் சோதனை மச்சானின் குளத்து இறால்தான்.

மிஸ் காலைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார்.

"என்ன தண்ணி விட்டீங்க?"

"நல்ல தண்ணிதான், மிஸ். நீங்க வடிச்சு வச்ச தண்ணி."

"விரதத்துல என்ன பிழை நடந்தது?"

"ஒரு குளத்தடியில இறால் வடை குடுத்தாங்க. வாசத்துக்கு மனசு நிக்கல்ல."

மிஸ் மற்றக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கை விரலால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய குலுங்கலில் மேசைப் போத்தல்களெல்லாம் ஆடின. அந்த ஆறு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் மச்சானின் குளம் அந்த நேரத்தில் குடைக்கும் தகரத்துக்கும் நடுவில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது, நாங்கள் இங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம்.

பிறகு புதுப் போத்தல் ஒன்றைத் திறந்தார். கிழங்கில் விட்டார். பொங்கியது. அதே மெழுகுக் கட்டிகளிலிருந்து புதுச் சீவல்கள் எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னதாக நுணுக்குக்காட்டியில் குனிந்தார். சீக்குச் சாட்சி பழுப்பு. சுகச் சாட்சி நீலம். பிறகு நடுக் கண்ணாடியை வைத்தார்.

"நீங்க பாருங்க" என்று எழும்பி இடம் கொடுத்தார்.

குனிந்து பார்த்தேன். அப்படி ஒரு நீலத்தை நான் கடலிலும் கண்டதில்லை. நெடுகிலும் நீலம், பழுப்பு ஒரு பொட்டும் இல்லை.

"குளத்துல சுண்ணாம்பு கூடிப்போனாலும் ஓட்டுல புள்ளி வரும், அண்ணன். மச்சான்ட்டச் சொல்லுங்க. நேத்துச் சொன்ன வாய்தானே, இண்டைக்கும் அதே வாயே சொல்லட்டும்."

மனைவிக்குப் போன் எடுத்து, "குளம் சுகம். ஒண்டும் இல்ல" என்றேன்.

"உங்கட சொல்ல நான் நம்ப மாட்டன்" என்றாள் அவள். "மிஸ்ஸிட்டக் குடுங்க."

மிஸ் வாங்கிச் சொன்னார். அந்தப் பக்கத்தில் தகரம், கூச்சல், வேட்டு எல்லாம் ஒன்றாகக் கேட்டது. வேட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தோற்றாலும் வென்றாலும் எங்கள் ஊரில் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு கட்டு வெடி இருக்கும். அன்று மாலை ஆறடி ஆள் மச்சானைத் தூக்கிக்கொண்டு வரம்பில் ஓடினாராம்.

அடுத்த நாள் மிஸ் பதிவுப் புத்தகத்தில் இப்படி எழுதினார்: பெரொக்சைட் வலுவிழந்திருந்தது, போத்தலைப் பாவிக்கும் முன் சோதிக்காதது என் பிழை. கீழே கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே சாட்சிக்கு என்று இடம் விட்டு என்னிடம் புத்தகத்தை நீட்டினார். காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் புத்தகத்தை மாதம் ஒரு தரம் பண்ணைக்காரர் எல்லாரும் புரட்டுவார்கள். அதில் பாதிப் பேர் உடப்பு ஆட்கள். நான் பேனையை வாங்கி எழுதினேன்: விரதத்தில் இறால் வடை சாப்பிட்டு, தீமிதியில் சுட்ட காலுக்கு மருந்தை எடுத்துப் போத்தலில் தண்ணீர் விட்டது நான்தான். எழுதி முடித்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது. "இதுக்கு நீங்க சாட்சி, மிஸ்" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். கையெழுத்து வைத்தார்.

ஊர் சிரித்ததைச் சொல்லி முடியாது. கோயிலடியில், கடற்கரையில், பாண் கடையில், எங்கே போனாலும் இறால் வடை சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மிஸ் தன் கணவனோடும் பிள்ளையோடும் மன்னாருக்குத் திரும்பிப் போனது அதற்கும் சில வருஷம் கழித்து. என்றாலும் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது புத்தகத்தில் எழுதியதற்கு மறுநாள் காலைதான். வேனைக் கிளப்பும் திறப்பை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். வழக்கமான போத்தல்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னப் போத்தல் இருந்தது. அதில் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது:

"அண்ணன்ட காலுக்கு மட்டும். தண்ணீர் விட வேண்டாம்."